புடாபெஸ்ட் நாட்குறிப்பு: ஒரே தங்கம், இரண்டு கழுத்து

ஆகஸ்ட் 20, 2023

வியன்னாவில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு புடாபெஸ்ட். கெலெட்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. மதுரையில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று வீம்பாகத்தான் நடந்தேன். மெட்ரோ படிக்கட்டை அடைவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் நேற்று தொடங்கிவிட்டது, 27 வரை நடக்கிறது. நான் வந்திருப்பது முக்கியமாக ஒரு போட்டிக்கு: பெண்கள் போல் வால்ட், அதாவது கோலூன்றித் தாண்டுதல். கூட வந்திருப்பவள் கல்லூரியில் எனக்கு ஜூனியர், இப்போது ஷ்டுட்கார்ட்டில் வேலை. அவள் 400 மீட்டர் தடை ஓட்டக்காரி. அவளுக்கு நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் ஓடுவதைப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் உபரி. இரண்டு இறுதிப் போட்டியும் 23ஆம் தேதி ராத்திரி என்று அட்டவணை வந்த அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டோம்.

நான் கல்லூரி நாள்களில் போல் வால்ட் செய்தவள். எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள். இன்றைய பள்ளிப் பிள்ளைகளே சிரிப்பார்கள். பெண்கள் போல் வால்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் நுழைந்ததே 1999இல், செவில் நகரில்தான். அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் சேர்த்தார்கள். இரண்டிலும் அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலாதான் தங்கம், இரண்டிலும் 4.60 மீட்டர். நான் கோலைப் பிடித்த காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு இது பெண்கள் செய்யும் விளையாட்டு என்றே தெரியாது. போட்டிக்குப் போகும்போது பஸ் கூரையில் கோலைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டுவோம். "என்னம்மா இது, போர் போடுற பைப்பா?" என்று கேட்காத கண்டக்டரை நான் பார்த்ததில்லை. அப்புறம் லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழிப்பார்.

இன்று ஹங்கேரியில் புனித இஸ்த்வான் நாள். நாட்டை உருவாக்கிய அரசரின் பெயரில் கொண்டாடும் தேசியத் திருநாள். கடைகள் மூடல், தெருவெல்லாம் ஜனம். ராத்திரி டான்யூப் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. பாலத்துக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இடம் கிடைத்தது. தலைக்கு மேலே வெடித்துக்கொண்டிருக்க, ஜூனியர் குனிந்து ஃபோனில் ஆண்கள் 100 மீட்டர் இறுதியைத் தேடிக்கொண்டிருந்தாள். நோவா லைல்ஸ், 9.83. "அக்கா, நாம இங்க வானத்தைப் பாத்துட்டு நிக்கிறோம்" என்று சலித்துக்கொண்டாள். இன்றைக்கு டிக்கெட் விலை கட்டுபடியாகவில்லை என்பதை ஞாபகப்படுத்தினேன்.

ஆகஸ்ட் 21

மைதானம் நகரத்தின் தெற்கில், பெஸ்ட் பக்கக் கரையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. இந்தப் போட்டிக்காகவே கட்டியது. சுமார் 35,000 பேர் உட்காரலாம். போட்டி முடிந்ததும் மேல் அடுக்கைக் கழற்றி 15,000 பேருக்கான இடமாகச் சுருக்கப் போகிறார்களாம். பெரிய போட்டிக்கென்று கட்டிவிட்டுப் பிறகு புல் முளைக்க விடும் ஊர்களைப் பார்த்த கண்ணுக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டாம் எண் டிராமில் ஆற்றங்கரையோடு போனால் கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்துவிடலாம். டிராமின் ஜன்னலோர இருக்கைக்கு மட்டும் கொஞ்சம் சண்டை போட வேண்டும், பாராளுமன்றமும் பாலங்களும் அந்தப் பக்கம்தான்.

வாசலில் போட்டியின் சின்னமான யூஹூ என்ற ஆடு குதித்துக்கொண்டிருந்தது. முறுக்குக் கொம்பு வைத்த ஹங்கேரி நாட்டு ஆட்டினம். உள்ளே ஆள் எப்படி உயிரோடு இருக்கிறாரோ இந்த வெயிலில்.

இன்று போல் வால்ட் தகுதிச்சுற்று. இரண்டு பிரிவாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து மெத்தைகளில் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். எதைப் பார்ப்பது என்று கழுத்து வலிக்கும். தகுதிச்சுற்று சும்மா ஒரு சடங்கு என்று நினைப்பவர்கள் போல் வால்ட்டைப் பார்த்ததில்லை. இங்கேதான் பெரிய பெயர்கள் வீட்டுக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் நினா கென்னடி 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடைக் காயத்தோடு வந்து, இறுதிக்கே போக முடியாமல் திரும்பினார்.

எனக்குப் பிடித்தது தாண்டலுக்கு முன்னால் நடக்கும் வேலை. ஒவ்வொருவரும் ஒரு நீளமான பையில் பல கோல்களைக் கொண்டு வருகிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் விறைப்பு, அடுத்தது அதைவிட விறைப்பு. தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியைப் பார் என்போம். அது உயர உயர அடுத்த கோலுக்குப் போக வேண்டும். விறைப்பான கோலை வளைக்க இன்னும் வேகமாக ஓடிவர வேண்டும். வளைந்த கோல் உண்டிவில்லின் ரப்பர் மாதிரிதான், நீ எவ்வளவு இழுத்தாயோ அவ்வளவுதான் திருப்பித் தரும்.

எங்களுக்கு நேர் கீழே ஒரு வீராங்கனை தன் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைகளில் சுண்ணப் பொடியைத் தேய்த்தார். கோலில் டேப் சுற்றிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், பிடித்தார், விட்டார், ஒரு விரல் அகலம் மேலே ஏற்றிப் பிடித்தார். அந்த ஒரு விரல்தான் எல்லாம். பிறகு அதிகாரியிடம் பார் எவ்வளவு பின்னால் தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோலைக் குத்தும் பள்ளத்தை நாங்கள் பாக்ஸ் என்போம். அதன் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 சென்டிமீட்டர் வரை பாரைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். முதல் வரிசை இருக்கையில் பயிற்சியாளர் எழுந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து 'இவ்வளவு தூரம் நெருங்கிவிட்டாய்' என்று காட்டுகிறார். அவர் பேசுவது எதுவும் இந்தக் கூச்சலில் கேட்காது, கைதான் பாஷை. ஒரு நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் சிலர் கடைசி நொடிகள் வரை நின்று பார்ப்பார்கள்.

கோல் தொலைந்த கதை தெரியுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் பிரேசிலின் ஃபாபியானா முரேரின் கோல்களில் ஒன்று காணாமல் போனது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மைதானம் முழுக்கத் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை, மனசு உடைந்து பதக்கமும் போனது. மூன்று ஆண்டு கழித்து தேகுவில் 4.85 தாண்டி உலகச் சாம்பியனானார். இதை ஜூனியரிடம் சொன்னபோது, "எங்க ஹர்டிலை யாராச்சும் தொலைச்சா அடுத்த லேன்காரனுதும் தொலைஞ்சிரும், கவலையே இல்ல" என்றாள்.

அமெரிக்காவின் கேட்டி மூன், கென்னடி, ஃபின்லாந்தின் வில்மா முர்ட்டோ, கிரீஸின் கத்தரினா ஸ்டெஃபானிடி எல்லாரும் உள்ளே. ஸ்டெஃபானிடிக்கு 33 வயது. 2016 ரியோ தங்கமும் 2017 லண்டன் உலகத் தங்கமும் அவருடையது.

இந்தியாவிலிருந்து இந்தப் போட்டிக்கு யாரும் இல்லை. நுழைவுத் தகுதி உயரம் 4.71. நம் தேசியச் சாதனை 4.21, போன அக்டோபரில் பெங்களூரில் தமிழ்நாட்டின் ரோஸி மீனா பால்ராஜ் தாண்டியது. அதற்குச் சில நாள் முன்னால்தான் தேசிய விளையாட்டில் 4.20 தாண்டி, வி.எஸ். சுரேகாவின் 4.15ஐ முறியடித்திருந்தார். சுரேகாவும் நம்மூர்தான். அவருடைய உயரம் 2014இலிருந்து அசையாமல் கிடந்தது. எட்டு ஆண்டில் ஆறு சென்டிமீட்டர். நுழைவாயிலுக்கே இன்னும் அரை மீட்டர். நல்ல பாக்ஸும் நல்ல மெத்தையும் உடம்புக்கேற்ற கோல்களும் எத்தனை ஊரில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பெண்கள் 4.20 போனதே பெரிய காரியம்.

ராத்திரி பெண்கள் 100 மீட்டரில் ஷகாரி ரிச்சர்ட்சன் ஒன்பதாவது லேனிலிருந்து, யாரும் கவனிக்காத ஓரத்திலிருந்து வந்து 10.65இல் ஜெயித்தார். அரங்கம் அலறியது. ஜூனியருக்குத் தொண்டை போய்விட்டது.

ஆகஸ்ட் 22

பகலில் ஊர் சுற்றல். 1897இல் கட்டிய பெரிய சந்தைக்குப் போனோம். இரும்புக் கூரை, கீழே காய்கறி, தோரணம் தோரணமாகக் காய்ந்த மிளகாய். மாடியில் லாங்கோஷ் என்று ஒன்று, எண்ணெயில் பொரித்த மாவு ரொட்டி. மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த கிரீம், துருவிய சீஸ். ஒன்றை இருவர் பகிர்ந்து சாப்பிட்டால் போதும். நாங்கள் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் நடக்க முடியாமல் உட்கார்ந்தோம். முதலாம் எண் மெட்ரோவில் ஏறி இறங்கினோம். 1896இல் திறந்தது, ஐரோப்பியக் கண்டத்திலேயே பழையது. பொம்மை ரயில் அளவுதான், ஆனால் உள்ளே அவ்வளவு ஜில்லென்று இருந்தது, அந்தக் காரணத்துக்காகவே திரும்பவும் ஏறினோம்.

மாலையில் ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதி. இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் நாங்கள் இப்போதே ஒரு சண்டையில் இருக்கிறோம்.

இத்தாலியின் ஜான்மார்கோ டம்பேரி டோக்கியோவில் கத்தாரின் முதாஸ் பர்ஷிமோடு தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டவர். இருவரும் 2.37 தாண்டினார்கள், 2.39இல் மூன்று முறையும் தவறினார்கள். அதுவரை இருவரிடமும் ஒரு தவறுகூட இல்லை. அதிகாரி வந்து மேற்கொண்டு தாண்டப் போகிறீர்களா என்று விளக்க ஆரம்பித்தபோது, இரண்டு தங்கம் கிடைக்குமா என்று பர்ஷிம் கேட்டது உலகம் முழுக்கச் சுற்றிய காணொலி. இன்று அதே டம்பேரியும் அமெரிக்காவின் ஜுவான் ஹாரிசனும் 2.36 தாண்டினார்கள். டம்பேரி முதல் முயற்சியிலேயே தாண்டியதால் தங்கம் முழுதாக அவருக்கு. மனுஷன் மைதானத்தில் பண்ணிய அமர்க்களம் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

"பாத்தீங்களா, இதுதான் சரி. ஒருத்தர் ஜெயிக்கணும்" என்றாள் ஜூனியர்.

"இது விதிப்படி பிரிஞ்சிருச்சு. பிரியலேன்னா என்ன செய்வ?"

"பிரியற வரைக்கும் தாண்டணும்."

தடை ஓட்டக்காரியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. அவள் உலகத்தில் மார்பு கோட்டைத் தொடும், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் கேமரா தீர்ப்புச் சொல்லும், கதை முடிந்தது. தாண்டும் போட்டிகளில் கணக்கு வேறு. உயரம் சமமானால், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால், அந்த உயரம் வரை மொத்தத் தவறு. அதுவும் சமம், அதுவும் முதலிடத்துக்கு என்றால் மட்டும்தான் ஜம்ப் ஆஃப். போல் வால்ட்டில் கடைசியாகச் சேர்ந்து தாண்டியதற்கு அடுத்த உயரத்தில் ஆளுக்கு ஒரு வாய்ப்பு. இருவரும் தவறினால் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும், இருவரும் தாண்டினால் ஐந்து ஏறும், யாராவது ஒருவர் பிசகும் வரை. அதற்கும் முன்னால், 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை போட்டியாளர்களுக்கு உண்டு. விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

கேட்டி மூனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். டோக்கியோவில் கேட்டி நேஜட் என்ற பெயரில் 4.90 தாண்டித் தங்கம் வாங்கியவர், கல்யாணத்துக்குப் பிறகு மூன். போன ஆண்டு யூஜீனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவரும் சக அமெரிக்கர் சாண்டி மோரிஸும் 4.85 தாண்டினார்கள். தவறுக் கணக்கில் மூனுக்குத் தங்கம், மோரிஸுக்கு வெள்ளி. அன்று வெண்கலம் கென்னடிக்கு, 4.80.

ஆகஸ்ட் 23

காலையிலேயே மைதானம். நீளம் தாண்டுதல் தகுதிச்சுற்றில் நம் ஜெஸ்வின் ஆல்ட்ரின், தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ப் பையன். சரியாக 8.00 மீட்டர். பன்னிரண்டு பேருக்குத்தான் இறுதி, இவர் பன்னிரண்டாவது. கடைசி ஆள் தாண்டி முடிக்கும் வரை நாங்கள் பெஞ்சில் உட்காரவே இல்லை. முரளி ஸ்ரீசங்கர் 7.74இல் வெளியே போனது வருத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த போலந்துக் குடும்பம், எட்டு மீட்டருக்கு இவ்வளவு கூச்சலா என்று எங்களைப் பார்த்தது.

வெயிலுக்குப் பயந்து, காலையில் வைத்திருந்த பெண்கள் 5,000 மீட்டர் தகுதிச்சுற்றை மாலைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல முடிவு. நாங்களும் அறைக்குத் திரும்பித் தூங்கினோம்.

மாலை. போல் வால்ட் இறுதி தொடங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இந்தப் போட்டியின் சங்கடம், ஓட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். ஒருத்தி ரன்வேயின் கோடியில் கோலைத் தூக்கி நிற்பாள், கூட்டமோ 5,000 மீட்டரின் கடைசிச் சுற்றுக்குக் கத்தும். ஆனால் தகுந்த ஆளுக்கு இதே கூட்டம் உந்துசக்தி. தலைக்கு மேல் கை தூக்கி இரண்டு தட்டு தட்டினால் போதும், முப்பதாயிரம் பேர் தாளம் போடுவார்கள்.

பிடித்த கோலோடு ஓடி வரும் பெண்ணைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். முதல் சில அடி நிதானம், கோல் நுனி வானத்தில். வேகம் ஏற ஏற நுனி இறங்கும். கடைசி மூன்று அடியில் கைகள் இடுப்பிலிருந்து தலைக்கு மேலே போகும். பாக்ஸின் உள்சுவரில் கோல் இடிக்கும் 'டக்'. அந்தச் சத்தம் எங்கள் வரிசை வரை வந்தது. இருபது ஆண்டுக்கு அப்புறமும் அதைக் கேட்டதும் என் உள்ளங்கை வேர்த்தது. தொலைக்காட்சியில் இந்தச் சத்தம் வராது. தாண்டுபவர் தொங்கி, கால்களைத் தலைக்கு மேல் எறிந்து, தலைகீழாக நிமிரும் கோலோடு போய், பாரின் மேல் வயிற்றை மடக்கித் திரும்புவதெல்லாம் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும்.

4.80இல் ஆள் குறைந்தது. அந்த உயரத்தோடு முர்ட்டோவுக்கு வெண்கலம். அதே 4.80 தாண்டிய ஸ்லோவேனியாவின் டீனா ஷூடெய்க்கு நான்காம் இடம், தவறுக் கணக்கு. ஒரு பக்கம் பதக்கம், இன்னொரு பக்கம் வெறுங்கை, உயரம் ஒன்றே. இதைப் பற்றி யாரும் நியாயம் பேசுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஆண்கள் 1,500 மீட்டர். பிரிட்டனின் ஜோஷ் கெர், கடைசி 200 மீட்டரில் யாகோப் இங்கபிரிட்சனைத் தாண்டிப் போனார், மைதானமே எழுந்து நின்றது. நான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு ரன்வேயை மறைத்துக்கொண்டு நின்றது ஒரு நார்வே கொடி.

4.90. இந்த உயரத்தைத் தாண்டப் போனவர்கள் இருவர், மூனும் கென்னடியும். மூனுக்கு இது பழகிய உயரம், அவருடைய சொந்தச் சாதனையே 4.95. கென்னடியின் கதை வேறு. புடாபெஸ்டுக்கு வரும்போது அவர் அதிகபட்சம் தாண்டியிருந்தது 4.82. எட்டு சென்டிமீட்டரை ஒரே ராத்திரியில், உலக இறுதியில் ஏற்றுவதென்றால், அந்த ஆளுக்குள் அன்று என்னவோ திறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருவரும் முதல் முறை தவறினார்கள். இரண்டாம் முறையும். ஆளுக்கு ஒரே வாய்ப்பு மிச்சம். ஒருவர் தவறி மற்றவர் தாண்டினால், தாண்டியவருக்குத் தங்கம் என்று எழுதிவிடலாம்.

தவறவில்லை. மூன்றாவதில் இருவருமே தாண்டினார்கள். கென்னடி மெத்தையில் விழுந்ததும் முகத்தை மூடிக்கொண்டு உருண்டார். ஆஸ்திரேலிய தேசியச் சாதனை. ஜூனியர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இவளா போல் வால்ட் உபரி என்றவள்?

நடுவே வார்ஹோம் ஓடினார், 46.89, தங்கம். அவள் ஆசை தீர்ந்தது. "இப்ப முழுசா உங்க ஆட்டத்துக்கு வந்துட்டேன்" என்றாள்.

பார் 4.95க்கு ஏறியது. மூன்று முறை மூன், மூன்று முறை கென்னடி. எதுவும் நடக்கவில்லை. முன்பு பளிச்சென்று இருந்த ஓட்டம் கனத்துப் போயிருந்தது. கடைசி முயற்சிகளில் இடுப்பு பாருக்குப் பக்கத்திலேயே போகவில்லை. பலகையில் இரண்டு பெயருக்கும் ஒரே வரிசை. மொத்தத் தவறும் சமம்.

இருவரும் அதிகாரியோடு நின்றார்கள். எங்களுக்கு உதடுகள்தான் தெரிந்தன. பங்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது கென்னடி என்று பிறகு படித்தேன். மூன் சம்மதிக்க மாட்டார் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். அடுத்த நொடி இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பலகையில் முதல் இடத்துக்கு நேரே இரண்டு கொடி. கூட்டம் கை தட்டியது, கொஞ்சம் 'அய்யோ' சத்தமும் கலந்திருந்தது. நியாயம்தான், இன்னும் பத்து நிமிட ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள்.

டிராம் வரை நடக்கும் வழியெல்லாம் சண்டை.

"அக்கா, உலகச் சாம்பியன்ஷிப்புக்கா, காலேஜ் டேவுக்கா?"

நான் சொன்னது இதுதான். கடைசி இரண்டு உயரத்தில் மட்டும் ஆளுக்கு ஆறு முறை முழு ஓட்டம், அதற்கு முன்னால் தாண்டியது தனி, காலையிலிருந்து வெயில் தனி. போல் வால்ட்டில் சோர்ந்த கால் என்றால் மெதுவான ஓட்டம். அந்த நேரத்தில் கையில் இருப்பதோ பையிலேயே விறைப்பான கோல்களில் ஒன்று. வேகம் பத்தாவிட்டால் அது உன்னை மெத்தைக்குக் கொண்டுபோகாது. நடுவானத்தில் நின்று திருப்பி ரன்வேக்கே தள்ளும், இல்லையென்றால் பாக்ஸுக்குள் இறக்கும். நான் ஒருமுறை அப்படி இறங்கியிருக்கிறேன், கணுக்கால் இன்றைக்கும் மழைக்கு முன் சேதி சொல்லும். உயரம் தாண்டுதலில் சோர்ந்தால் பாரைத் தட்டிவிட்டு மெத்தையில் விழுவாய். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை. அப்படி ஒரு ஜம்ப் ஆஃபில் 4.95இல் தவறி, 4.90இல் தவறி, 4.85இல் ஒருவர் தப்பிப் பிழைத்தால், அது யார் சிறந்தவர் என்றா சொல்லும்? யார் காலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று சொல்லும்.

"400 மீட்டர் கடைசி நூறுலயும் அதானேக்கா நடக்குது? மிச்சம் யாருக்கு இருக்கோ அவங்கதான் ஜெயிக்கிறாங்க."

இதற்கு டிராம் வரும் வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வந்த பிறகும் இல்லை.

ஆகஸ்ட் 24

பகல் முழுக்க அறையில். ஜூனியருக்குக் காலையில் அலுவலகக் கூட்டம். நான் செய்திகளைப் படித்தேன். பாதிப் பேர் விளையாட்டின் அழகு என்கிறார்கள், பாதிப் பேர் கோழைத்தனம் என்கிறார்கள். டோக்கியோவில் இரண்டு ஆண்கள் செய்தபோது கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் இன்று இந்தப் பெண்களிடம் சண்டைக்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆசை. அப்போதும் திட்டியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த முறை தொனி வேறு.

மாலையில் நீளம் தாண்டுதல் இறுதி. ஜெஸ்வின் 7.77, பதினோராம் இடம். கிரீஸின் மில்டியாடிஸ் டென்டோக்லோ கடைசி முயற்சியில் 8.52 தாண்டி, ஜமைக்காவின் வேய்ன் பின்னக்கை இரண்டு சென்டிமீட்டரில் முந்தினார். ஜூனியர் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்வைக்கு அர்த்தம் புரிந்தது. கடைசி முயற்சி, சோர்ந்த கால், இரண்டு சென்டிமீட்டர். சரி, உன் பக்கத்துக்கு ஒரு புள்ளி.

ஆகஸ்ட் 25, ரயிலில்

விமர்சனங்களுக்கு மூன் இன்ஸ்டாகிராமில் பதில் எழுதியிருக்கிறார். காயத்தைப் பணயம் வைத்தாவது ஜெயித்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை ஏற்க முடியாது, அந்த நிலையில் ஜம்ப் ஆஃப் யார் சிறந்தவர் என்பதைக் காட்டாது, யாருக்குக் களைப்பு குறைவு என்பதைத்தான் காட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் டிராம் நிறுத்தத்தில் சொன்னதேதான். ஃபோனை நீட்டினேன். படித்துவிட்டு, "அவங்க சொன்னா ஒத்துக்கிறேன், அவங்க காலு அது. நீங்க சொன்னா ஒத்துக்க மாட்டேன்" என்றாள்.

எல்லை தாண்டியதும் டிக்கெட் பரிசோதனை. எங்கள் எதிரே ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி, பச்சை மஞ்சள் தொப்பி. நினா கென்னடியின் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா, வியன்னா வரும் வரை நிறுத்தவே இல்லை.

ஆகஸ்ட் 31க்குப் பிறகு ஒரு சேர்க்கை

சூரிச்சில் நடந்த டயமண்ட் லீக் தடகளப் போட்டியில் கென்னடி 4.91 தாண்டிவிட்டார். புடாபெஸ்டில் வைத்த தேசியச் சாதனைக்கு எட்டே நாள்தான் ஆயுள். செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஃபோன்.

"அக்கா, பாத்தீங்களா? அன்னைக்கு ஜம்ப் ஆஃப் போயிருந்தா இவங்களுக்கே முழுத் தங்கம்."

"இது ஒரு வாரம் தூங்கி எந்திரிச்ச காலு" என்றேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. அடுத்த உலகச் சாம்பியன்ஷிப் 2025இல் டோக்கியோவில். டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும் என்று பார்த்துச் சொல்வதாக அவள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.